அல்ஜீரிய விடுதலை: வழிநடத்தியவர்களும் சிந்தித்தவர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸில் இறங்கியது. 1962 ஜூலையில்தான் அந்த ஆட்சி முடிந்தது. கடைசி ஏழரை ஆண்டுப் போரின் கொடூரம் பலருக்குத் தெரியும். அதற்கு முன் முப்பது ஆண்டுகள் முஸ்லிம்களுக்குள்ளேயே நடந்த வாக்குவாதத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. போருக்குப் போன இளைஞர்களின் தலைக்குள் இருந்தவை அந்த வாக்குவாதத்தில் பிறந்த வாசகங்கள்தான். வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

காந்தி, ஜின்னா, சுகர்ணோ போல அல்ஜீரியாவுக்கு ஒரே தலைவர் ஏன் இல்லை?

இருந்தார். அவர் பெயர் மெஸ்ஸாலி ஹாஜ். அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டுத்தான் போர் தொடங்கியது.

1954 அக்டோபர் கடைசியில், அல்ஜியர்ஸின் பாப் எல் உவேத் பகுதியில் ஒரு சாதாரணப் புகைப்பட நிலையத்தில் ஆறு பேர் படம் எடுத்துக்கொண்டார்கள். ரபாஹ் பிதாத், முஸ்தஃபா பென் பூலயீத், தீதூஷ் முராத், முகமது பூதியாஃப் நால்வரும் நிற்கிறார்கள். கிரீம் பெல்காசெமும் லார்பி பென் மஹீதியும் உட்கார்ந்திருக்கிறார்கள். கோட்டு, சூட்டோடு கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி இருக்கிறார்கள். மூத்தவருக்கு வயது 37, இளையவருக்கு 27. எழுத்தாளர், வழக்கறிஞர், மேடைப் பேச்சாளர் என்று பெயரெடுத்த ஒருவர்கூட இவர்களில் இல்லை. ஒரு வாரம் கழித்து இந்த ஆறு பேரும் வெளிநாட்டில் இருந்த மூவரும் (அகமது பென் பெல்லா, ஹுசைன் ஆயத் அகமது, முகமது கீதர்) சேர்ந்து, தேசிய விடுதலை முன்னணி என்ற பெயரில், ஒரு பேரரசின் மீது போர் அறிவித்தார்கள்.

ஒரு மனிதரைச் சுற்றிக் கட்டிய இயக்கம் அவரோடு சேர்ந்தே முடங்கிப்போகும் என்பதை மெஸ்ஸாலியின் கட்சியில் இருந்தபோதே கண்டவர்கள் இவர்கள். ஆகவே கூட்டுத் தலைமை என்பதைக் கொள்கையாகவே வைத்துக்கொண்டார்கள். 1962இல் அல்ஜியர்ஸ் சுவர்களில் 'ஒரே ஒரு வீரன்: மக்கள்' என்று எழுதியிருந்தது. வாசகம் அழகானது. ஆனால் ஒரு தலைவர் இல்லாத இடத்தில் பல தலைவர்கள் ஒருவரையொருவர் எப்படித் தீர்த்துக்கட்டினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இதை 'முஸ்லிம்' விடுதலை இயக்கம் என்று சொல்வது சரியா? மதப்போராட்டமா இது?

கோட்டை முதலில் போட்டது பிரெஞ்சுச் சட்டம். 1865ஆம் ஆண்டு ஆணைப்படி அல்ஜீரிய முஸ்லிம் பிரான்ஸின் ஆட்சிக்கு உட்பட்டவர், ஆனால் குடிமகன் இல்லை. குடிமகன் ஆக வேண்டுமென்றால் திருமணம், வாரிசுரிமை முதலியவற்றில் ஷரீஅத் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வர வேண்டும். ஊரார் கண்ணில் அது மதத்தை விட்டுப் போவதற்குச் சமம். பல தலைமுறைகளில் சில ஆயிரம் பேர்தான் அதற்கு முன்வந்தார்கள். 1870இல் அல்ஜீரிய யூதர்களுக்கு மொத்தமாகக் குடியுரிமை தரப்பட்டது. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் தாமாகவே பிரெஞ்சுக்காரர்கள் ஆனார்கள். 1881இல் வந்த சுதேசிகள் சட்டமோ முஸ்லிமுக்கு மட்டுமே பொருந்தும் தண்டனைகளை வகுத்தது. தொழாதவனும் நோன்பு பிடிக்காதவனும்கூட அரசுப் பதிவேட்டில் 'முஸ்லிம்'தான்.

அங்கே மதம் தேசத்தின் எல்லைக்கோடாக மாறியதற்குக் காரணம் இதுதான். தனக்கு எதிராகப் போடப்பட்ட வேலியையே தன் வீட்டு மதிலாக ஆக்கிக்கொண்டது அந்தச் சமூகம்.

இதற்கும் புதுச்சேரிக்கும் தொடர்பு உண்டென்கிறார்களே?

உண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட வகையில். 1881இல் இதே பாணியிலான ஆணை ஒன்று பிரெஞ்சிந்தியாவிலும் வந்தது. தங்கள் சமயத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வந்த தமிழர்கள் 'ரெனோன்சான்' என்று அழைக்கப்பட்டார்கள். புதிய குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். ஒரு வேறுபாடு: புதுச்சேரியில் துறக்காதவர்களுக்கும் பாரிஸ் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு இருந்தது. அல்ஜீரிய முஸ்லிமுக்கு 1945 வரை அது கிடையாது.

அடுத்தது தேதி. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதே நவம்பர் 1 அதிகாலையில்தான் அல்ஜீரியாவில் முதல் குண்டுகள் வெடித்தன. பாரிஸில் பிரதமராக இருந்தவர் மென்டெஸ் ஃபிரான்ஸ். இந்தியாவில் பேச்சுவார்த்தை மூலம் விட்டுக்கொடுத்த அதே அரசு, அல்ஜீரியாவுக்கு வந்தபோது அது பிரான்ஸின் ஒரு பகுதி, பேசுவதற்கு எதுவுமில்லை என்றது. அங்கே குடியேறியிருந்த ஏறத்தாழ பத்து லட்சம் ஐரோப்பியர்கள்தான் காரணம். புதுச்சேரியை ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956இலேயே கையெழுத்தானாலும், சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று, அல்ஜீரியா விடுதலை அடைந்த பிறகு. இடைப்பட்ட காலத்தில் பிரெஞ்சுப் படையில் இருந்த புதுச்சேரிச் 'சொல்தா'க்கள் சிலர் அல்ஜீரியாவிலும் பணியாற்றினார்கள்.

அமீர் அப்துல் காதிர் இந்த இயக்கத்தில் எங்கே வருகிறார்?

அவர் இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்தியவர். 1832 முதல் 1847 வரை பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்ற சூஃபி அறிஞர். சரணடைந்தார், பிரான்ஸில் சிறை வைக்கப்பட்டார், பிறகு டமாஸ்கஸில் குடியேறினார். 1860இல் அங்கே கிறிஸ்தவர்கள் மீது கொலைவெறித் தாக்குதல் நடந்தபோது ஆயிரக்கணக்கானோரைத் தன் பாதுகாப்பில் வைத்துக் காப்பாற்றினார். அவர் பேரன் அமீர் காலித் பிரெஞ்சு ராணுவக் கல்லூரியில் படித்து அதிகாரியானவர். 1919இல் அமெரிக்க அதிபர் வில்சனுக்கு அல்ஜீரியர் சார்பில் மனு அனுப்பியவரும் அவரே. 1923இல் நாடு கடத்தப்பட்டார்.

இப்னு பாதிஸ் யார்? துப்பாக்கியைத் தொடாதவரை ஏன் தேசத் தந்தை அளவுக்குக் கொண்டாடுகிறார்கள்?

அப்துல் ஹமீத் இப்னு பாதிஸ் 1889இல் கான்ஸ்டன்டைன் நகரத்தில் பெரிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை பிரெஞ்சு நிர்வாக மன்றங்களில் இடம்பெற்றிருந்தவர். மகன் துனிஸில் ஸைத்தூனா பள்ளிவாசலில் படித்துத் திரும்பி, ஊரின் பச்சைப் பள்ளிவாசலில் பாடம் நடத்த உட்கார்ந்தார். குர்ஆன் முழுவதற்குமான தஃப்ஸீர் (விளக்கவுரை) வகுப்பை 25 ஆண்டுகள் நடத்தி 1938இல் முடித்தார். பகலில் சிறுவர்களுக்கு, இரவில் பெரியவர்களுக்கு. பெண் குழந்தைகளுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று வற்புறுத்தி, அதைச் செய்தும் காட்டினார். 'அஷ்ஷிஹாப்' என்ற இதழையும் நடத்தினார்.

1930இல் பிரான்ஸ் அல்ஜீரியாவைப் பிடித்த நூற்றாண்டு விழாவை ஆடம்பரமாகக் கொண்டாடியது. அடுத்த ஆண்டு மே 5 அன்று அல்ஜீரிய முஸ்லிம் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) சங்கம் உருவானது. இப்னு பாதிஸ் தலைவர், பஷீர் இப்ராஹீமி துணைத் தலைவர். 'இஸ்லாம் எங்கள் மார்க்கம், அரபு எங்கள் மொழி, அல்ஜீரியா எங்கள் தாயகம்' என்ற முழக்கம் இந்த வட்டத்தில்தான் பிறந்தது. பிரெஞ்சு வரலாற்றுப் பாடம் மட்டும் படித்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த மூன்று வரிகள் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சங்கம் இரண்டு பக்கமும் சண்டை போட்டது. ஒரு பக்கம் தர்காக்களும் தரீக்காக்களும் (சூஃபி நெறிக் குழுக்கள்). அவற்றின் ஷெய்குகள் பலர் அரசின் தயவில் இருந்தார்கள் என்பது உலமாக்களின் குற்றச்சாட்டு. தமிழ்நாட்டு முஸ்லிம்களுக்கு இந்தத் தர்கா விவாதத்தைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மறுபக்கம் அரசு. வக்ஃப் சொத்துகளைப் பறித்துக்கொண்டு, இமாம்களைச் சம்பளக்காரர்களாக்கி வைத்திருந்தது அது. மதத்தையும் அரசையும் பிரிக்கும் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தை இஸ்லாத்துக்கும் பொருத்துங்கள் என்று பிரெஞ்சுக் குடியரசிடம் கேட்டவர்கள் தாடி வைத்த மௌலவிகள். முடியாது என்றது மதச்சார்பற்ற பிரான்ஸ். இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த முரண் இது. 1938 மார்ச்சில் வந்த ஆணை ஒன்று அனுமதியில்லாமல் அரபுப் பள்ளி நடத்துவதைக் குற்றமாக்கியது.

இப்னு பாதிஸ் 1940 ஏப்ரல் 16 அன்று இறந்தார். அந்த நாளை அல்ஜீரியா இன்றும் கல்வி நாளாகக் கொண்டாடுகிறது.

'அல்ஜீரியா என்றொரு தேசமே இல்லை' என்று எழுதியவரே பிறகு அதன் அரசுத் தலைவரானார் என்பது உண்மையா?

உண்மை. ஃபர்ஹத் அப்பாஸ், செத்தீஃப் நகரத்து மருந்துக்கடைக்காரர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பிரெஞ்சிலேயே சிந்தித்தவர். 1936 பிப்ரவரியில் 'பிரான்ஸ் என்பது நான்தான்' என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். அல்ஜீரியத் தாய்நாட்டை வரலாற்றில் தேடினேன், உயிரோடு இருப்பவர்களிடமும் இறந்தவர்களிடமும் கேட்டேன், கல்லறைகளுக்கும் போனேன், ஒருவரும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை என்பது அதன் சாரம்.

இரண்டு மாதத்துக்குள் இப்னு பாதிஸ் பதில் எழுதினார். நாங்களும் வரலாற்றில் தேடினோம், நிகழ்காலத்திலும் தேடினோம். அல்ஜீரிய முஸ்லிம் சமுதாயம் இருப்பதைக் கண்டோம். அது பிரான்ஸ் இல்லை, பிரான்ஸாக ஆகவும் முடியாது, முடிந்தாலும் அதற்கு விருப்பமில்லை என்றார்.

பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளும். அதே 1936 கோடையில் இருவரும் ஒரே தூதுக்குழுவில் பாரிஸுக்குப் போனார்கள். ஷரீஅத்தைத் துறக்காமலே குடியுரிமை தரவேண்டும் என்பது கோரிக்கை. சுமார் இருபதாயிரம் பேருக்கு மட்டும் அப்படிக் குடியுரிமை தரலாம் என்ற பிளும்–வயலெட் திட்டம் அப்போது பேசப்பட்டது. அந்தச் சிறு அளவைக்கூடக் குடியேறிய ஐரோப்பியர்கள் விடவில்லை. திட்டம் நாடாளுமன்ற விவாதத்துக்கே வராமல் செத்தது.

அப்பாஸைத் துரோகி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிரான்ஸ் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை உண்மை என்று நம்பி, அதன்படி நடக்கச் சொல்லிக் கேட்டவர் அவர். படிப்படியாக அவரை நகர்த்தியது பிரான்ஸ்தான். 1943 பிப்ரவரியில் அல்ஜீரிய மக்கள் அறிக்கையை எழுதினார். 1945 மே 8 அன்று நேச நாடுகளின் வெற்றிக்கு வாழ்த்துச் சொல்ல ஆளுநர் மாளிகைக்குப் போன இடத்தில் கைது செய்யப்பட்டார். 1955 ஆகஸ்டில் அவருடைய அண்ணன் மகனைத் தேசிய விடுதலை முன்னணியின் ஆட்களே சுட்டுக்கொன்றார்கள். அப்படியும் 1956 ஏப்ரலில் கெய்ரோவுக்குப் போய் அந்த முன்னணியிலேயே சேர்ந்தார். 1958 செப்டம்பர் 19 அன்று வெளிநாட்டில் முன்னணியின் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவர்.

அப்படியானால் முதலில் முழு விடுதலை கேட்டவர் யார்?

மெஸ்ஸாலி ஹாஜ். த்லெம்சென் ஊரில் 1898இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரின் இறுதியில் பிரெஞ்சுப் படையில் இருந்தார். பிறகு பாரிஸில் தொழிற்சாலைகளில் கூலி வேலை, தெரு வியாபாரம். 1926இல் பாரிஸில், கம்யூனிஸ்ட் கட்சியின் துணையோடு, வட ஆப்பிரிக்கத் தொழிலாளர்களிடையே 'வட ஆப்பிரிக்க நட்சத்திரம்' தொடங்கியது. விடுதலை என்ற கோரிக்கை உலமாக்களின் வகுப்பறையிலோ மருந்துக்கடையிலோ பிறக்கவில்லை. கார்த் தொழிற்சாலைகளின் வாசலிலும் புலம்பெயர்ந்தவர்களின் தேநீர்க் கடைகளிலும் பிறந்தது. 1927 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டில் மெஸ்ஸாலி அதை உலகறியக் கேட்டார். இந்தியக் காங்கிரஸின் சார்பில் நேரு வந்திருந்த அதே மாநாடு.

1936 ஆகஸ்ட் 2: பாரிஸ் போன தூதுக்குழு திரும்பிவந்து அல்ஜியர்ஸ் விளையாட்டரங்கில் கூட்டம் நடத்துகிறது. அழையாமல் வந்த மெஸ்ஸாலி மேடையில் பேச வாய்ப்புக் கேட்டுப் பெற்றார். பிரான்ஸோடு இணைப்பதை ஏற்க மாட்டோம் என்றார். குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி, இந்த மண் விற்பனைக்கு இல்லை, இதன் சொந்தக்காரர்கள் மக்கள் என்றார். கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது.

அதன்பின் அவர் வாழ்க்கையில் பாதி சிறையும் நாடுகடத்தலும்தான். நட்சத்திரம் தடை செய்யப்பட்டதும் 1937இல் அல்ஜீரிய மக்கள் கட்சி, 1946இல் வேறு பெயரில் இன்னொரு கட்சி. மனைவி எமிலி புஸ்கான் பிரெஞ்சுத் தொழிலாளி வர்க்கப் பெண். இன்றைய தேசியக் கொடியை முதலில் தைத்தவர் அவர்தான் என்று ஒரு மரபு உண்டு.

1945 மே 8 ஏன் திருப்புமுனை என்கிறார்கள்?

ஜெர்மனி சரணடைந்த நாள். செத்தீஃபில் வெற்றி ஊர்வலத்தில் பூசீத் சால் என்ற இளைஞர் அல்ஜீரியக் கொடியைப் பிடித்துவந்தார். சுட்டார்கள். கலவரம் மூண்டு நூறு பேரளவுக்கு ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பதிலடியாகச் செத்தீஃப், குவெல்மா, கெர்ராத்தா வட்டாரங்களில் வாரக்கணக்கில் படையும் ஆயுதம் தாங்கிய குடியேறிகளும் முஸ்லிம்களைக் கொன்றார்கள். அல்ஜீரிய அரசு 45,000 என்கிறது. அன்றைய பிரெஞ்சு நிர்வாகம் ஆயிரத்துச் சொச்சம் என்றது. வரலாற்றாளர்கள் பல ஆயிரம் என்பதில் ஒத்துப்போகிறார்கள்.

பாசிசத்தை எதிர்த்து இத்தாலியில் பிரெஞ்சுக் கொடியின்கீழ் போரிட்டுத் திரும்பிய அல்ஜீரியச் சிப்பாய்கள் ஊருக்கு வந்து பார்த்தது இதைத்தான். பதக்கம் வாங்கிய பென் பெல்லா அவர்களில் ஒருவர். 1947இல் மெஸ்ஸாலியின் கட்சிக்குள் ரகசிய ஆயுதப் பிரிவு உருவானது. அதே ஆண்டு வந்த புதிய சட்டம் பத்து லட்சத்துக்கும் குறைவான ஐரோப்பியருக்கு 60 இடம், எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களுக்கு 60 இடம் என்று ஒரு சபையை அமைத்தது. 1948 தேர்தலில் அதிலும் தில்லுமுல்லு. ஓட்டுப்பெட்டியை நம்பிய தலைமுறையின் கதை அத்தோடு முடிந்தது.

நவம்பர் 1 அறிக்கையை எழுதியது யார்? அதில் என்ன இருந்தது?

பூதியாஃபும் தீதூஷும் கருத்தைச் சொல்ல, முகமது லைஷாவி என்ற பத்திரிகையாளர் அதற்கு வடிவம் கொடுத்தார். கபீலியா மலையில் இகில் இமூலா என்ற கிராமத்தில் அதைத் தட்டச்சு செய்து படியெடுத்தார்கள். படியெடுக்கும் இயந்திரத்தின் சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் கிராமத்தார் அன்றிரவு பரிசுக் குலுக்கல் ஒன்றை நடத்தி ஆரவாரம் செய்தார்கள். தேசம் பிறந்த இரவைப் பற்றிய எந்த வீர உரையையும்விட இது எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

அறிக்கையின் இலக்கு: இஸ்லாமியக் கொள்கைகளின் வரம்புக்குள், இறையாண்மையுள்ள, ஜனநாயக, சமூகநல அல்ஜீரிய அரசை மீட்டெடுப்பது, இன, மத வேறுபாடின்றி அடிப்படை உரிமைகளை மதிப்பது. ஒரே வாக்கியத்தில் இஸ்லாமும் ஜனநாயகமும் சமூகநலமும். விடுதலைக்குப் பின் ஒவ்வொரு தரப்பும் அந்த வாக்கியத்தில் தனக்குப் பிடித்த துண்டை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டது. சண்டையே அதுதான்.

போராளிகளை 'முஜாஹித்' என்றார்கள், இறந்தவர்களை 'ஷஹீத்' என்றார்கள். உலமாக்கள் எங்கே நின்றார்கள்?

தொடக்கத்தில் சங்கமாக முடிவெடுக்கத் தயங்கினார்கள். கெய்ரோவில் இருந்த இப்ராஹீமி 1954 நவம்பரிலேயே ஆதரவுக் குரல் கொடுத்தார். உள்ளூர்ச் சங்கம் 1956இல்தான் வெளிப்படையாக முன்னணியின் பக்கம் வந்தது. ஆனால் அவர்களுடைய பள்ளிகளில் படித்தவர்கள் அதற்குள் போரிட மலைகளுக்குப் போயிருந்தார்கள். சங்கத்தின் அப்போதைய துணைத் தலைவர் லார்பி தெபெஸ்ஸியை 1957 ஏப்ரலில் ஆயுதம் தாங்கியவர்கள் அல்ஜியர்ஸ் வீட்டிலிருந்து இழுத்துச் சென்றார்கள். அவர் உடல் கிடைக்கவே இல்லை.

மாலிக் பின்னபி என்ன சொன்னார்? அவரை ஏன் இரு தரப்பும் திட்டின?

1905இல் கான்ஸ்டன்டைனில் பிறந்து பாரிஸில் மின்பொறியியல் படித்தவர். வெள்ளைக்காரன் வந்ததால் நாம் வீழ்ந்தோம் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, வீழ்ந்து கிடந்ததால்தான் அவன் வந்தான் என்றார். அடிமைப்படுத்தப்படுவதற்கு ஏற்ற நிலைக்குச் சமுதாயம் முன்பே வந்திருந்தது. அந்த உள்நோய் தீராமல் அந்நியன் போனாலும் பயனில்லை என்பது அவர் வாதம். மனிதன், மண், காலம் மூன்றும் சேர்ந்தால்தான் நாகரிகம். அவற்றைச் சேர்ப்பது சமயக் கருத்து என்று 1949இல் எழுதினார். தேர்தல் அரசியலை வெறும் வாய்ச்சவடால் என்று கேலி செய்தார். 1936இல் தூதுக்குழுவோடு போன உலமாக்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அடிபட்டவனையே குறை சொல்கிறார் என்ற கோபம் வந்ததில் வியப்பில்லை. எனக்கும் அந்த வாதத்தில் பாதிதான் செரிக்கிறது: வக்ஃபைப் பறித்து, நிலத்தைப் பறித்து, பள்ளியை மூடிய ஆட்சியின் கணக்கு அதில் சிறுத்துவிடுகிறது. ஆனால் விடுதலைக்குப் பிறகு என்ன செய்வது என்று யோசித்தவர்கள் அந்தத் தலைமுறையில் மிகச் சிலர்; அவர்களில் அவர் முதன்மையானவர். 1956இல் கெய்ரோவுக்குப் போய், 1963இல் திரும்பி, 1973இல் அல்ஜியர்ஸில் இறந்தார்.

அபான் ரம்தான் பெயர் ஏன் அடிக்கடி அடிபடுகிறது?

ஆயுதக் குழுக்களின் தொகுப்பை ஓர் அரசின் கருவாக மாற்றியவர் அவர். கபீலியாவில் 1920இல் பிறந்தார். நவம்பர் 1 அன்று பிரெஞ்சுச் சிறையில் இருந்தார். 1955 ஜனவரியில் வெளியே வந்ததும், சிதறிக் கிடந்த அரசியலாளர்களை ஒவ்வொருவராக முன்னணிக்குள் இழுத்தார். அப்பாஸ், உலமாக்கள், மெஸ்ஸாலி கட்சியின் பழைய மிதவாதிகள் எல்லாரும் வந்ததில் அவர் பங்கு பெரிது. கட்சியாக வராதே, தனியாளாக வா என்பது அவர் நிபந்தனை.

1956 ஆகஸ்ட் 20 அன்று சும்மாம் பள்ளத்தாக்கில் இஃப்ரி கிராமத்தில் கூடிய மாநாடு அவருடைய, பென் மஹீதியுடைய கைவண்ணம். நாட்டை ஆறு விலாயாக்களாக (போர் மண்டலங்களாக) பிரித்தார்கள், படைக்குப் பதவிப் படிநிலை வகுத்தார்கள், போர்க்காலப் பாராளுமன்றம் போன்ற ஒரு மன்றம் அமைத்தார்கள். இரண்டு விதிகளையும் எழுதிவைத்தார்கள்: ராணுவத்தைவிட அரசியலுக்கு முதலிடம், வெளிநாட்டில் இருப்பவர்களைவிட உள்ளே இருப்பவர்களுக்கு முதலிடம்.

கெய்ரோவில் இருந்த பென் பெல்லாவுக்கு இரண்டுமே கசந்தன. வருங்கால அரசின் இஸ்லாமியத் தன்மை இதில் சொல்லப்படவில்லை என்றும் குற்றம் சாட்டினார். அக்டோபர் 22 அன்று பென் பெல்லாவும் தோழர்களும் மொராக்கோவிலிருந்து துனிஸ் சென்ற விமானத்தைப் பிரெஞ்சு ராணுவம் அல்ஜியர்ஸில் இறக்கி எல்லாரையும் பிடித்துக்கொண்டது. அவர்கள் 1962 வரை சிறையில் இருந்தார்கள். பென் மஹீதி 1957 மார்ச் தொடக்கத்தில், பிரெஞ்சுக் காவலில், தற்கொலை என்ற பெயரில் கொல்லப்பட்டார். கொன்றது தானே என்று ஜெனரல் ஒசாரெஸ் 2001இல் ஒப்புக்கொண்டார். பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அதை அரசின் சார்பில் ஏற்றது 2024 நவம்பர் 1 அன்று.

தனித்து நின்ற அபானை 1957 டிசம்பர் 27 அன்று மொராக்கோவுக்கு வரவழைத்து, தெத்துவான் அருகே ஒரு பண்ணை வீட்டில் கழுத்தை நெரித்தார்கள். செய்தவர்கள் எதிரிகள் இல்லை, தோழர்கள். முன்னணியின் ராணுவத் தலைவர்கள். 1958 மேயில் முன்னணியின் 'எல் முஜாஹித்' இதழ் கறுப்புக் கட்டத்தில் அவர் படத்தைப் போட்டு, போர்க்களத்தில் வீரமரணம் என்று எழுதியது. ராணுவத்தைவிட அரசியலுக்கு முதலிடம் என்ற விதியும் அந்தப் பண்ணை வீட்டிலேயே செத்துவிட்டது என்பது என் கணிப்பு. அதன்பின் நடந்ததெல்லாம் அதன் தொடர்ச்சிதான்.

மெஸ்ஸாலிக்கும் முன்னணிக்கும் இடையே நடந்தது என்ன?

சகோதர யுத்தம். தன்னைக் கேட்காமல் தொடங்கிய போரை மெஸ்ஸாலி ஏற்கவில்லை. 1954 டிசம்பரில் தனி இயக்கம் கண்டார். பிரான்ஸில் புலம்பெயர்ந்தோரின் தேநீர்க் கடைகளில் இரு தரப்பும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டதில் ஏறக்குறைய 4,000 பேர் இறந்தார்கள். 1957 மே மாதம் மெலூசா அருகே ஒரு கிராமத்தில், மெஸ்ஸாலி பக்கம் சாய்ந்தார்கள் என்பதற்காக 300க்கும் மேற்பட்ட ஆண்களை முன்னணிப் படை கொன்றது. முதலில் விடுதலை கேட்ட மனிதர் விடுதலை பெற்ற நாட்டில் கால் வைக்காமலே 1974இல் பிரான்ஸில் இறந்தார். உடலைத்தான் த்லெம்செனுக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். இன்று அந்த ஊர் விமான நிலையத்துக்கு அவர் பெயர்.

ஃபிரான்ஸ் ஃபனோன் முஸ்லிமா? அவர் இந்த இயக்கத்தின் சிந்தனையாளர்தானா?

முஸ்லிம் இல்லை, அல்ஜீரியராகப் பிறக்கவும் இல்லை. கரீபியத் தீவான மார்த்தினிக்கில் 1925இல் பிறந்த கறுப்பின மனநல மருத்துவர். 1953இல் பிளிதா மருத்துவமனைக்கு வந்தார். ஐரோப்பியப் பெண் நோயாளிகளுக்குப் பலன் தந்த கூட்டுச் சிகிச்சை முஸ்லிம் ஆண்களிடம் எடுபடவில்லை. தவறு நோயாளிகளிடம் இல்லை, தன் முறையில்தான் என்று கண்டு, மருத்துவமனைக்குள்ளேயே ஊர்ப்பாணித் தேநீர்க் கடை வைத்தார், பெருநாள்களைக் கொண்டாட வைத்தார், தொழுகை நடத்த முஃப்தியை வரவழைத்தார். 1956 முடிவில் வேலையைத் துறந்து துனிஸ் சென்று 'எல் முஜாஹித்' இதழில் எழுதினார். கானாவில் தற்காலிக அரசின் தூதராக இருந்தார். 1961 டிசம்பரில் இரத்தப் புற்றுநோயால் 36 வயதில் இறந்தார். அவர் விருப்பப்படி அல்ஜீரிய மண்ணில் புதைத்தார்கள்.

வெளியுலகம் இந்தப் போரை ஃபனோன் வழியாகவே படிக்கிறது. கபீலியக் குடியானவனை நகர்த்தியது ஃபனோன் இல்லை. அவர் எழுத்து அந்தக் குடியானவனை எட்டவும் இல்லை. நடப்பதை உலகத்துக்கு விளக்கியவர் என்றால் சரியாக இருக்கும். விடுதலைக்குப் பின் உள்ளூர் முதலாளிகளும் ஒற்றைக் கட்சியும் பழைய எசமானின் நாற்காலியில் உட்காரும் என்ற அவர் எச்சரிக்கை மட்டும் அப்படியே பலித்தது.

பெண்கள் யாரும் தலைமையில் இல்லையா?

பெயர் பெற்றவர்கள் உண்டு; முடிவெடுக்கும் மன்றங்களில் இடம் இல்லை. முஜாஹித்களாகப் பிறகு பதிவு பெற்ற பெண்கள் சுமார் 11,000 பேர். ஜமீலா பூஹைரத் 1957 ஏப்ரலில் பிடிபட்டு, சித்திரவதைக்குப் பின் மரண தண்டனை பெற்று, உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் தப்பியவர். ஹசீபா பென் பூஅலி அதே ஆண்டு அக்டோபரில் அல்ஜியர்ஸின் பழைய நகரமான கஸ்பாவில் ஒளிந்திருந்த வீட்டோடு தகர்க்கப்பட்டார், வயது 19.

வெற்றிக்குப் பின் இவர்களுக்கு என்ன ஆயிற்று?

1962 மார்ச் 18 அன்று போரை நிறுத்திய எவியான் ஒப்பந்தத்தில் அல்ஜீரியர் தரப்பில் கையெழுத்திட்டவர் கிரீம் பெல்காசெம். ஜூலை 1 வாக்கெடுப்பு, ஜூலை 5 விடுதலை. மாண்டவர்கள் 15 லட்சம் என்கிறது அல்ஜீரிய அரசு. வரலாற்றாளர் பலர் மூன்று நான்கு லட்சம் என்கிறார்கள். அந்தக் கோடையிலேயே எல்லைக்கு அப்பால் நின்ற விடுதலைப் படையின் தளபதி பூமெதியனும் பென் பெல்லாவும் ஒரு பக்கம், தற்காலிக அரசும் கபீலியாவும் மறுபக்கம் என்று துப்பாக்கி தூக்கினார்கள். மக்கள் தெருவுக்கு வந்து 'ஏழு வருஷம் போதும்' என்று கத்தினார்கள்.

பென் பெல்லா அதிபரானார். 1965 ஜூனில் பூமெதியன் அவரைக் கவிழ்த்துச் சிறையில் போட்டார். அப்பாஸை 1964இல் பென் பெல்லா சஹாராவுக்கு அனுப்பிக் காவலில் வைத்தார். 1976இல் பூமெதியன் வீட்டுக்காவலில் வைத்தார். கீதர் 1967இல் மாட்ரிடில் சுட்டுக்கொல்லப்பட்டார். கிரீம் பெல்காசெம் 1970இல் ஃபிராங்ஃபர்ட் ஓட்டல் அறையில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார். ஆயத் அகமது கட்சி தொடங்கி, கிளர்ச்சி செய்து, சிறையிலிருந்து தப்பி ஸ்விட்சர்லாந்தில் வாழ்ந்தார். பூதியாஃப் பல்லாண்டு மொராக்கோவில் இருந்துவிட்டு, 1992 ஜனவரியில் நாடு திரும்பி ஆட்சித் தலைமை ஏற்று, ஐந்தே மாதத்தில் அன்னாபா மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே தன் காவல் படையைச் சேர்ந்தவனால் கொல்லப்பட்டார்.

இன்றைய அல்ஜீரியர்கள் இவர்களில் யாரைத் தூக்கிப் பிடிக்கிறார்கள்?

2019 பிப்ரவரி 22 அன்று தொடங்கி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுகை முடிந்து நடந்த ஊர்வலங்களைப் பார்த்தால் தெரியும். 'ஹிராக்' என்ற அந்தக் கிளர்ச்சியில் அதிபர்கள் யாருடைய படத்துக்கும் மரியாதை இல்லை. இளைஞர்கள் அபானையும் பென் மஹீதியையும் ஏந்தி வந்தார்கள். உலமாக்களின் வழியினர் இப்னு பாதிஸின் பெயரைச் சொன்னார்கள். அதற்காக இணையத்தில் இரு அணிகள் மோதிக்கொள்வது இன்றும் ஓயவில்லை. எண்பதைத் தாண்டிய ஜமீலா பூஹைரத் தெருவில் இறங்கி நடந்தார். கூட்டம் எழுப்பிய முழக்கங்களில் முக்கியமானது 'ராணுவ அரசு வேண்டாம், குடிமக்கள் அரசு வேண்டும்' என்பது.